ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் சாலை விபத்துகளைக் குறைக்க என்ன செய்யலாம்?

எங்கள் காலனி திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வீடுகள் ஒரு பக்கம். ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் எதிர்ப்பக்கம். அதனால் நான் பார்த்ததை வைத்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

விபத்தைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது 'விழிப்புணர்வு'. எங்கள் ஜனங்களுக்கு அந்த ரோட்டில் உயிர் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் கடக்கிறார்கள். சுரங்கப்பாதை முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மழை பெய்தால் அதில் முழங்கால் வரை தண்ணீர். இருபது கிலோ ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் சுற்றி வா என்று யாரிடம் சொல்வது? கால் போகிற இடத்துக்கு ஏற்றபடி ரோட்டைத்தான் மாற்ற வேண்டும்.

சித்தி மகனுக்கு அப்போது ஏழு வயது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவன் பாதி ரோட்டைக் கடந்து சென்டர் மீடியனில் நின்றிருக்கிறான். அங்கே வரிசையாக அரளிச்செடி, ஆள் உயரத்துக்கு. இலையை விலக்கி ஒரு அடி எடுத்து வைத்ததுதான் தாமதம், சரக்கு வேன் ஒன்று தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தான். ஓட்டி வந்தவர் ஓடிப்போகவில்லை. பையனைத் தூக்கியவர் "செடிக்குப் பின்னாடி புள்ள நின்னது தெரியலையே" என்று அழுதுகொண்டே இருந்தார்.

லாரி ஓட்டும் நண்பரோடு ஒருநாள் கேபினில் ஏறி அதே இடத்தைக் கடந்து பார்த்தேன். வேன் ஓட்டியவர் சொன்னது உண்மை. இலையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அப்புறம்தான் மனு எழுதினோம். முதல் இரண்டு மனுக்களுக்கு "சுரங்கப்பாதையைப் பயன்படுத்தவும்" என்றே பதில் வந்தது. மூன்றாவது முறை, காலனியில் கல்லூரி போகும் பிள்ளைகள் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்து, கடக்கிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார்கள். ஒன்பது மணிக்குள் நாலு பக்கம் நிரம்பிவிட்டது. அந்த நோட்டையும் செடி மறைக்கிற போட்டோவையும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்தோம். தேசிய நெடுஞ்சாலையில் வழக்கமான ஸ்பீடு பிரேக்கர் போட முடியாது என்றார்கள். சரி, செடியையாவது வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள், வண்டியைத் தடதடக்க வைக்கும் அந்த வெள்ளைப் பட்டைகளையாவது போடுங்கள் என்று கேட்டோம். எட்டு மாதத்தில் மூன்றும் நடந்தன.

சின்ன வேலைதானே என்று நினைக்க வேண்டாம். கானாவில் அக்ரா - குமாசி நெடுஞ்சாலையில் சுஹும் சந்திப்பில் இப்படித் தடதடக்கும் பட்டைகள் போட்ட பிறகு விபத்துகள் 35 சதவீதமும் சாவுகள் 55 சதவீதமும் குறைந்தன. வேகம் குறைந்ததுதான் காரணம். நடந்து போகிறவரை 50 கிலோமீட்டர் வேகத்தில் இடிப்பதற்கும் 65-இல் இடிப்பதற்கும் சாவு அபாயம் நாலரை மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் சாலையில் சாகிறவர்களில் 92 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான். தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் பள்ளிகளைச் சுற்றி நடைபாதை, வேகத்தடை, கடக்கும் கோடு என்று குறைந்த செலவில் செய்தே பிள்ளைகள் அடிபடுவதைக் குறைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட பிறகும் ஏழைக் குடும்பம் தெரியாமலே நிறைய இழக்கிறது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. எஃப்ஐஆர் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு தாசில்தார் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால், தனியாராகவே இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்ட வரம்புக்குள் பணம் கட்ட வேண்டியதில்லை. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. எங்கள் காலனி டீக்கடைச் சுவரில் இவற்றைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

அரளி இப்போது மறுபடி இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை அதற்கொரு மனுவோடு போகிறோம்.