கொலுசு விற்பனைக் கணக்கைப் பவர் பிஐ அறிக்கையாக்குவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் எக்செல் விற்பனைக் கணக்கை வைத்துப் பவர் பிஐ அறிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பவர் பிஐ என்பது தரவைப் படங்களுடன் அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். விண்டோஸ் கணினியில் அதன் டெஸ்க்டாப் பதிப்பை இலவசமாகவே நிறுவலாம். கோப்பை ஏற்றியதும் படம் வரைய அவசரப்படாதீர்கள். முதலில் பவர் குவரியில் (பவர் பிஐக்குள்ளேயே தரவைத் திருத்தும் பகுதி) தரவைச் சுத்தம் செய்யுங்கள், பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

எடைப் பத்தியில் “250 கிராம்” என்று இருந்தால் மென்பொருள் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், கூட்டுத்தொகை வராது. “கிராம்” என்பதை நீக்கி, எண் வகைக்கு மாற்றுங்கள். தேதி எழுத்தாகப் பதிவாகியிருந்தால், 03/07/2024 என்பதை அமெரிக்க முறைப்படி மார்ச் 7 என்று படித்துவிடக்கூடும். வகை மாற்றும்போது வட்டார அமைப்பில் (Locale) இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு மாதவாரி எடைக்குக் கோட்டுப்படம், ரகவாரி விற்பனைக்குப் பட்டைப்படம், ஊர் பிரித்துப் பார்க்க ஒரு ஸ்லைசர் (தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் வடிகட்டி). முதல் அறிக்கைக்கு இது தாராளம். வட்டப்படம் மட்டும் வேண்டவே வேண்டாம்; ரகங்கள் பெருகினால் எது பெரிது என்று கண்ணுக்குப் பிடிபடாது.