ஒரு ஆள் கொண்டு வந்தா எத்தனை ஆளாகும்? – மலேரியா கணக்கு, கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

மலேரியா பரவுறத கணக்குப் போட்டுப் பாக்குறது பத்தி போன வாரம் நீங்க எழுதினத வாசிச்சேன். நான் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு பில்டிங் சைட்ல சூப்பர்வைசர். எங்க சைட்ல ஒடிசா பையன் ஒருத்தனுக்கு விட்டு விட்டு குளிர்காய்ச்சல், ரத்தம் எடுத்துப் பாத்ததுல வைவாக்ஸ்ங்கற வகை மலேரியான்னு வந்துச்சு. காண்ட்ராக்டர் அஞ்சாம் நாளே டிக்கெட் எடுத்துக் குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாரு. அக்கம்பக்கத்துல "இந்த பெங்காலி பசங்கள இனி உள்ள விடாதீங்க"ன்னு பேச்சு (வடக்க இருந்து வர்ற எல்லாரும் அவங்களுக்கு பெங்காலிதான்). எனக்கும் அதுல நியாயம் இருக்கற மாதிரிதான் படுது. வர்றவங்கள ஸ்டேஷன்லயே டெஸ்ட் பண்ணி நிறுத்திட்டா முடிஞ்சு போற விஷயத்துக்கு சமன்பாடு எல்லாம் எதுக்கு?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

மனசுல பட்டத மறைக்காம எழுதினீங்க, அதுக்கு நன்றி. நானும் மறைக்காம சொல்றேன், அந்தப் பையன அஞ்சாம் நாள் அனுப்புனது பெரிய தப்பு, அவனுக்கும் தப்பு ஊருக்கும் தப்பு. அது ஏன்னு பின்னால வர்றேன், முதல்ல கணக்கு.

ஒரு ஆள் வெளியூர்ல இருந்து கிருமியோட வர்றாருன்னு வைங்க. அவரக் கடிச்ச கொசு வழியா இங்க சராசரியா எத்தனை பேருக்கு போகும்ங்கறதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை எண். அது 0.9ன்னு வச்சுக்கிட்டா, அவரு ஒண்ணு, அவரால 0.9, அதால 0.81, இப்படியே கூட்டிக்கிட்டே போனா மொத்தம் 10 பேர்ல போய் நிக்கும். அதே எண் 0.5னா 1, அரை, கால், அரைக்கால்னு கூட்டி 2 பேரோட நின்னுடும். இப்போ வருஷத்துக்கு 10 பேர் கிருமியோட வர்றாங்க. எண் 0.9 இருக்கற ஊர்ல அது 100 கேஸ். நீங்க சொல்ற மாதிரி ஸ்டேஷன்ல ஆள் நிறுத்தி, பாதிப் பேர கண்டுபிடிச்சுட்டோம்னே வைங்க, 50 கேஸ். ஒருத்தரையும் நிறுத்தாம, ஊருக்குள்ள கொசு வளர்றத மட்டும் குறைச்சு எண்ண 0.5க்கு கொண்டு வந்தா? 20 கேஸ்தான். எண் 1ஐத் தாண்டிட்டா இந்தக் கூட்டலுக்கு முடிவே கிடையாது, ஸ்டேஷன்ல தப்புன ஒரே ஒரு ஆள் போதும். இந்த எண்ணெல்லாம் விளக்கத்துக்கு நான் எடுத்துக்கிட்டது, ஆனா கூட்டல் எங்க போனாலும் இதே கூட்டல்தான். சமன்பாடு எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்.

இத முதல்ல கண்டு சொன்னவரு ரொனால்ட் ராஸ். அல்மோராவுல பிறந்த மனுஷன், 1897 ஆகஸ்ட் 20ல செகந்திராபாத்ல கொசுவோட வயித்துக்குள்ள மலேரியா கிருமியப் பாத்தவரு. நோபல் பரிசு (1902) வாங்குன பிறகு சும்மா இருக்காம கணக்குல இறங்குனாரு. கொசுவ ஒண்ணு விடாம கொல்லணும்னு இல்ல, ஒரு அளவுக்கு கீழ கொண்டு போயிட்டா மலேரியா தன்னால அணைஞ்சு போகும்னு அவரு சொன்னப்ப நிறைய பேர் நம்பல. 1950கள்ல மெக்டொனால்டுங்கற மலேரியா ஆய்வாளர் அத இன்னும் கூர்மையாக்குனாரு. கொசு ஒருத்தரக் கடிச்சு கிருமிய வாங்கின உடனே அடுத்தவருக்கு குடுத்துட முடியாது, கிருமி கொசு வயித்துல முத்துறதுக்கு சுமாரா 10 நாள் வேணும், அதுவரைக்கும் கொசு உயிரோட இருக்கணும். ஒரு நாள் தாண்டுற வாய்ப்பு 90 சதவீதம்னா 10 நாள் தாண்டுறது நூத்துக்கு 35 கொசு. அத 80 ஆக்கிட்டா நூத்துக்கு 11 கூட தேறாது. வீட்டுச் சுவர்ல மருந்தடிக்கறதோட பலம் அங்கதான் இருக்கு, எல்லாக் கொசுவும் சாகலன்னாலும் கிழக்கொசு இல்லாமப் போயிடும்.

சரி, ஆள் நடமாட்டத்துக்கு வருவோம். அத கணக்குல சேக்குறப்ப ஒவ்வொரு ஊரையும் ஒரு பெட்டியா வைப்பாங்க, பெட்டிக்கு பெட்டி ஆள் போற வர்ற அம்புக்குறி போடுவாங்க. அம்புக்குறிக்கு ரெண்டு முனையும் உண்டு தம்பி, எல்லாரும் மறக்கறது அதத்தான். 2012ல கென்யாவுல சுமார் 1.5 கோடி செல்போனோட ஒரு வருஷ நடமாட்டத்த வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு (ஆள் பேரு விவரம் எதுவும் இல்லாமதான்). விக்டோரியா ஏரிப் பக்கம் கிருமி ஊறுற இடம், நைரோபி கிருமி வந்து சேர்ற இடம்னு தெரிஞ்சுது. வந்து சேர்றதுன்னா வேத்தாள் வழியா மட்டும் இல்ல, ஏரிப் பக்கம் போயிட்டு வீடு திரும்புற நைரோபிக்காரங்க வழியாவும்தான்.

நம்ம மாவட்டத்த எடுங்க. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு கடற்கரை ஊர்க்காரங்க தங்கல் தொழிலுக்கு (வெளியூர்ல தங்கி மீன் பிடிக்கறது) மங்களூர், கோவா, மகாராஷ்டிரா, குஜராத்னு போய் மாசக்கணக்குல அந்தந்த ஹார்பர்ல போட்டுலயே படுத்து எந்திரிக்கறவங்க. மங்களூர் மலேரியாவுக்கு பேர் போன ஊராத்தான் ரொம்ப காலம் இருந்துச்சு. என் மச்சான் மகன் அங்க இருந்து காய்ச்சலோட வந்தான். காய்ச்சலுக்கு நம்ம பக்கம் பனின்னு சொல்லுவோம்ல, சாயங்காலம் ஆனா பல்லு கிட்டிக்கிற அளவுக்கு நடுக்கம், ரெண்டு கம்பளி போத்தியும் கட்டில் ஆடும், அப்புறம் வேர்த்து ஊத்தி விடிஞ்சா ஒண்ணுமே இல்லாதவன் மாதிரி எந்திரிச்சு சாயா கேப்பான். ஒரு தனியார் கிளினிக்ல வைரல்னு சொல்லி எட்டு நாள் ஊசி போட்டாங்க, எங்க போயிட்டு வந்தன்னு ஒருத்தரும் கேக்கல, வடக்கன் மாதிரி அவன் மூஞ்சி இல்ல பாருங்க. அந்த எட்டு நாளும் மொட்டமாடியிலதான் படுத்திருந்தான், பக்கத்துல மூடி இல்லாத டேங்க். அத இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

இனி உங்க சைட் பையன். வைவாக்ஸ்னா குளோரோகுயின் 3 நாள், அதோட ப்ரைமாக்வின் 14 நாள் (எல்லாருக்கும் ஒத்துக்காது, டாக்டர் பாத்துதான் குடுக்கணும்). குளோரோகுயின் ரத்தத்துல இருக்கற கிருமியக் கொல்லும், காய்ச்சல் நின்னுடும், எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஆனா கல்லீரல்ல தூங்குற கிருமி ஒண்ணு இருக்கு, அத அழிக்கத்தான் அந்த 14 நாள் மாத்திரை. தூங்குறப்ப அது ஸ்லைடுலயும் தெரியாது, கிட் டெஸ்ட்லயும் தெரியாது, அதனால ஸ்டேஷன்ல எத்தனை பேரு நின்னாலும் அதப் பிடிக்க முடியாது. அஞ்சாம் நாள் ரயில் ஏத்துன பையன் மீதி ஒன்பது நாள் மாத்திரைய சாப்பிட்டானா, கையில குடுத்தாவது விட்டாங்களா? இல்லன்னா சில வாரமோ மாசமோ கழிச்சு திரும்ப காய்ச்சல் வரும், அப்ப அவன் ஊர்லயும் இருக்கலாம், வேற காண்ட்ராக்டர் கிட்ட நாகர்கோவில்லயும் இருக்கலாம். காய்ச்சல்னு சொன்னா வேலை போயிடும்னு இப்ப உங்க மத்த பசங்களுக்கு தெரிஞ்சு போச்சு, இனி எவன் வாயத் திறப்பான்? மறைச்சுக்கிட்டு படுத்திருக்கற ஒவ்வொரு நாளும் கொசுவுக்கு விருந்து, எண் மேலதான் ஏறும்.

இலங்கைய பாருங்க. 1963ல வெறும் 17 கேஸ்னு கொண்டு வந்துட்டு கண்காணிப்ப விட்டாங்க, 1969க்குள்ள லட்சக்கணக்குல திரும்ப வந்துச்சு. மறுபடி பாடுபட்டு 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட சான்று வாங்குனாங்க. ஏர்போர்ட்ட மூடியா வாங்குனாங்க? வெளிநாட்டுல இருந்து கேஸ் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு, காய்ச்சல்னா எங்க போயிட்டு வந்தீங்கன்னு கேட்டு, டெஸ்ட் பண்ணி, முழு மாத்திரையும் குடுத்துடறாங்க.

கணக்கு உங்க கையில குடுக்கற சோலி ஒண்ணு இருக்கு. கான்கிரீட் போட்டு மேல பாத்தி கட்டி க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட் இறுகறதுக்கு, தண்ணி நிறுத்துவீங்கல்ல, லிப்ட் குழியிலயும் நிக்கும். நகரத்து மலேரியாவ பரப்புற ஸ்டீபன்சை கொசுவுக்கு இந்த மாதிரி தெளிஞ்ச தண்ணியும் மூடாத டேங்கும்தான் பிடிச்ச இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் வடிச்சு காய விட்டு திரும்ப நிரப்புனா புழு செத்துப்போகும். காலையில வெயில் சாய்வா விழற நேரம் பாத்திய குனிஞ்சு பாருங்க, கியூலெக்ஸ், ஏடிஸ்னு மத்த வகை கொசுவோட புழு தலைகீழா தொங்கும், மலேரியா கொசுவோட புழு மட்டும் தண்ணி மட்டத்துல படுக்கவசமா குச்சி மாதிரி மிதக்கும். அப்படி ஒண்ணு கண்டா பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு சொல்லுங்க.

அந்தப் பையன் போன் நம்பர் உங்க பசங்ககிட்ட கண்டிப்பா இருக்கும். இன்னைக்கே கூப்பிட்டு, மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டான்னு கேட்டு, குறைஞ்சிருந்தா அவன் ஊரு ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லுங்க. என்ன சொன்னான்னு எனக்கும் எழுதுங்க.