கடிப்பதற்கு முன் கை சொல்லிவிடும்

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை செய்கிறேன். கணவர் வெளிநாட்டில். மகனுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறான். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டான்; பாட்டியையோ தங்கையையோ கடித்துவிடுவான். பெரும்பாலும் நான் வெட்டுக்குப் போயிருக்கும் காலை நேரத்தில்தான். அழுதால், “ஆண்பிள்ளை அழலாமா?” என்று மாமியார் அதட்டுகிறார். நாடகம் நடிக்கப் பழக்கினால் மனதில் இருப்பதைச் சொல்வான் என்றார் அவன் ஆசிரியை. கண்ணாடி முன் நிறுத்தி, “கோபமாக முகத்தை வை, சோகமாக வை” என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறான். எனக்கும் நாடகம் தெரியாது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஆசிரியை காட்டியது நல்ல வழி. கண்ணாடியை மட்டும் விட்டுவிடுங்கள். முகத்தை வைக்கச் சொன்னால் குழந்தை டிவியில் பார்த்த முகத்தைத்தான் வைக்கும். ஒரு கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் சிறு பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தேன். “கோபத்தைக் காட்டுங்கள்” என்றதும் எல்லாரும் கண்ணை உருட்டிப் பல்லைக் கடித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் அசையாமல் நின்றாள். சொன்னது விளங்கவில்லை போலும் என்று அருகில் போய்க் குனிந்தேன். பாவாடை மடிப்புக்குள் இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. கட்டைவிரல்கள் உள்ளே மடங்கி, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அந்த அறையில் மெய்யான கோபம் அவளிடம்தான் இருந்தது. நான் அதைக் காணாமலே கடந்துபோக இருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

உங்கள் மகனுக்கும் கடிப்பதற்கு முன் உடம்பில் ஏதோ ஒன்று நடக்கும். கை மூடலாம், தோள் ஏறலாம், மூச்சு சத்தமாகலாம். அதைக் கண்டதும், “கை இறுகிப்போச்சே, கோபம் வருதா மக்களே?” என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். உடம்பில் நடப்பதும் அதன் பெயரும் பல முறை சேர்ந்து வந்தால்தான் குழந்தைக்கு அந்தச் சொல் சொந்தமாகும். கோபம், பயம், அழுகை, சந்தோஷம் என்ற நான்கும் இந்த வயதுக்குத் தாராளம். வெட்கமும் பொறாமையும் பிடிபட இன்னும் சில வருடங்கள் ஆகும்.

இனி நாடகம். அவன் நடிக்க வேண்டாம், நீங்கள் நடியுங்கள். ஒரு வார்த்தை பேசாமல் தலையைத் தொங்கப்போட்டுத் திண்ணையில் உட்காருங்கள். “அம்மாவுக்கு என்ன?” என்று அவன் கண்டுபிடிக்கட்டும். தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல், “எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய்?” என்று கேளுங்கள். இரண்டு நாள் போனால் அவனே, “இப்போது என்னைப் பார்” என்று எழுந்து நிற்பான்.

அடுத்த படிக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு கலை இருக்கிறது. தோலில் வெட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டும் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். பாவையின் முகம் ஒருமுறை வெட்டி வண்ணம் தீட்டியதோடு சரி, மாறவே மாறாது. ஆனாலும் அதில் வரும் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சண்டை போடும்போது அவர்கள் முகமே சிவந்ததாகத் தோன்றும். உடம்பின் துள்ளலும் கூத்துக்காரரின் குரலும் செய்கிற வேலை அது. பேசத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் பாவையைப் பார்ப்பார்கள், அவனைப் பார்க்க மாட்டார்கள்.

பழைய காலண்டர் அட்டையில் ஓர் அம்மா, ஒரு பையன், ஒரு பாட்டி வெட்டி ஈர்க்குச்சியில் கட்டுங்கள். வெள்ளை வேட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் நீங்கள் விடியுமுன் வெட்டுக்குக் கொண்டுபோகும் விளக்கை வையுங்கள். கதை ஒன்றே ஒன்று: பையன் காலையில் கண் விழிக்கிறான், பக்கத்தில் அம்மா இல்லை. அங்கே நிறுத்திவிட்டு, “இப்போது பையன் என்ன செய்வான்?” என்று பாவையை அவன் கையில் கொடுங்கள்.

இந்தக் கதையை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கடிப்பது நீங்கள் இல்லாத காலையில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெட்டு இல்லாத நாட்களிலும் மழை நாட்களிலும் கடிக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் அவன் கோபத்தின் பெயர் ‘அம்மா எங்கே’ என்பதாக இருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த இருட்டில் நீங்கள் போவது அவனுக்காகத்தான். அவனுக்கு அது தெரியும்படி ஆனால் போதும். பையன் பாவை அம்மா பாவையை அடித்தால் அடிக்கட்டும். அட்டையை அடிப்பது சொல்வதற்குச் சமம். “அப்படி அடிக்கலாமா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அன்றோடு கூத்து முடிந்துவிடும். தங்கையைக் கடிக்க வந்தால் கையைப் பிடித்துத் தடுக்கத்தான் வேண்டும். கோபப்படலாம், கடிக்கக் கூடாது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நம் மாவட்டத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஆசான் முன்னால் அரங்கேறிய தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்துகிறது. நகைக்கு (சிரிப்புக்கு) அடுத்து இரண்டாவதாக நிற்பது அழுகை. அது பெண்ணுக்கு மட்டும் என்று அங்கே சொல்லவில்லை. இதை மாமியாரிடம் சொல்லுங்கள். அதோடு பாட்டி பாவையை ஆட்டும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். குரல் மாற்றிக் கதை சொல்வதில் அந்தத் தலைமுறையை நம்மால் மிஞ்ச முடியாது.

இரண்டு மாதம் செய்தும் கடிப்பது குறையவில்லை, அல்லது தன்னையே கடித்துக்கொள்கிறான், முன்பு பேசிய பேச்சும் குறைகிறது என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

நாளை வெட்டு உண்டென்றால் இன்று இரவே அந்த விளக்கை அவன் தலைமாட்டு ஆணியில் அவன் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். கண் விழிக்கும்போது ஆணி வெறுமையாக இருந்தால், அம்மா எங்கே என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.