டோவல் ஜிக்: துளை போடும் முன் முகப்பைக் குறியுங்கள்

டோவல் குச்சி, அதாவது இரண்டு பலகையிலும் துளை போட்டு உள்ளே மறைத்து வைக்கும் உருண்டை மரக்குச்சி, வைத்து மரம் இணைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டிரில் மெஷினில் மாட்டும் பிட் சரியான இடத்தில் நேராக இறங்கும்படி வழிகாட்டும் கருவிதான் டோவல் ஜிக். இணைப்பில் வரும் பிரச்சினைகள் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தோம் என்பதில் போய் முடிகின்றன. அதனால் முதல் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

கேள்வி: டோவல் ஜிக் வாங்கி ப்ளைவுட்டில் அலமாரி செய்கிறேன். துளைகள் நேராகத்தான் விழுகின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒரு பலகை மற்றதைவிட ஒரு மி.மீ. தூக்கி நிற்கிறது. ஜிக்கில் குறையா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை ஜிக் என்று பாருங்கள். திருகைச் சுற்றும்போது இரண்டு தாடைகளும் ஒன்றாக நெருங்கி வந்து பலகையின் நடுவைத் தானே பிடித்துக்கொள்வது ஒரு வகை. பலகையின் ஒரு முகத்தில் தகடு ஒட்டி உட்கார, அங்கிருந்து குறித்த தூரத்தில் துளை விழுவது இன்னொரு வகை.

நடுப்பிடிக்கும் ஜிக்கில் இரண்டு பலகைகளின் கனமும் ஒன்றாக இருந்தால்தான் மேல்மட்டம் சேரும். 18 மி.மீ. பலகையின் நடு 9. 20 மி.மீ. பலகையின் நடு 10. இரண்டையும் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்தால் மேலே ஒரு மி.மீ., கீழே ஒரு மி.மீ. ஏறித்தான் நிற்கும். அதில் ஜிக்கின் தப்பு ஒன்றும் இல்லை. கடையில் 18 என்று சொல்லிக் கொடுக்கும் ப்ளைவுட்டும் பல சமயம் சரியாக 18 இருப்பதில்லை. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள்.

தகடு உள்ள ஜிக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் இரண்டு பலகையிலும் வெளியே தெரியப்போகும் முகத்தில்தான் தகடு உட்கார வேண்டும். ஒன்றில் முகப்பிலும் மற்றதில் பின்பக்கத்திலும் வைத்துவிட்டால் வித்தியாசம் அப்படியே வெளியே தெரியும். இதைத் தவிர்க்க, துளை போடும் முன் எல்லாப் பலகைகளையும் அவை நிற்க வேண்டிய வரிசையில் மேசைமேல் பரப்பி, முகப்புகளின் மேல் இணைப்புகளைத் தாண்டிப் போகும்படி பெரிய முக்கோணம் ஒன்று பென்சிலால் வரையுங்கள். அப்புறம் எந்தப் பலகை எந்தப் பக்கம் திரும்பினாலும் குழப்பம் வராது. டோவல் வரும் இடங்களையும் இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூலைமட்டம் வைத்து ஒரே கோடாக இழுங்கள். தனித்தனியாக டேப் பிடித்து அளக்கவே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நகர்கிறதா? ஜிக்குக்கு அடியில் மரத்தூள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் முன்பு பிரஷ்ஷால் தட்டிவிடுவது நல்ல பழக்கம். பிட்டையும் பாருங்கள். இரும்புக்குப் போடும் சாதாரண பிட் மரத்தின் ரேகை போகும் பக்கம் வழுக்கிப் போகும். நடுவில் ஊசிமுனை உள்ள மரப் பிட்தான் வேண்டும்.

கடைசியாக, நடுப்பிடிக்கும் வகை என்றால் ஜிக்கைச் சோதிக்கலாம். உதவாத மரத்துண்டு ஒன்றில் ஒரு துளை போடுங்கள். ஜிக்கைக் கழற்றி, முன்பின் திருப்பி, அதே கோட்டில் மாட்டுங்கள். மெஷினை ஓட்டாமல் பிட்டைக் கையால் இறக்குங்கள். தடையில்லாமல் பழைய துளைக்குள் இறங்கினால் ஜிக் நடுவைச் சரியாகப் பிடிக்கிறது. ஒரு ஓரத்தில் இடித்தால், அப்போது ஜிக்கைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எந்த மரத்துக்கு எந்த அளவு குச்சி?

பதில்: பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேல் போகாமல். 12 மி.மீ. பலகைக்கு 6, 18-க்கு 8, 25-ஐத் தாண்டினால் 10. ஒரு இணைப்புக்குக் குறைந்தது இரண்டு குச்சி. ஒன்றே ஒன்று வைத்தால் பலகை அதைச் சுற்றித் திரும்பிவிடும்.

கேள்வி: அலமாரியின் மைக்கா ஒட்டிய 18 மி.மீ. பக்கப் பலகையில் தட்டு இணைக்கிறேன். பிட் மறுபக்கம் வந்து மைக்காவில் புடைப்பு தெரிகிறது. எவ்வளவு ஆழம் போகலாம்?

பதில்: இரண்டு பக்கமும் ஆழம் சமமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 8 மி.மீ. கனம், 35 மி.மீ. நீளமுள்ள குச்சி என்றால், பலகையின் முகத்துக்குள் 12, தட்டின் விளிம்புக்குள் 23 என்று பிரித்துக்கொள்ளுங்கள். துளையை ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. கூட்டி 13, 24 என்று போடுங்கள். அந்த ஒரு மி.மீ. பசை தங்குவதற்கு.

மரப் பிட்டின் ஊசிமுனை துளையின் அடியைத் தாண்டி இன்னும் இரண்டு மி.மீ. அளவுக்குப் போகும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 13 போட்டால் ஊசி 15-ஐத் தொட்டிருக்கும், மைக்காவுக்கு இந்தப் பக்கம் மூன்று மி.மீ.தான் மிச்சம். ஆழம் நிறுத்த பிட்டில் மாட்டும் வளையம் நல்லதுதான், ஆனால் அதன் சின்னத் திருகு வேலை நடக்க நடக்கத் தளரும். அவ்வப்போது நிறுத்தி அளந்து பாருங்கள். வளையத்தைப் பொருத்தும்போது ஜிக்கின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பசை ஊற்றிக் குச்சியை அடித்தால் பலகை பிளக்கிறது. சில குச்சிகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

பதில்: துளையில் பசையை ஊற்றாதீர்கள். குச்சி இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் பசையும் வெளியே வர வழி வேண்டும். வழியில்லாவிட்டால் அந்த அழுத்தமே பலகையைப் பிளந்துவிடும். குச்சியின் உடம்பில் நெடுக வரிகள் வெட்டியிருப்பது இதற்காகத்தான். மெல்லிய ஈர்க்குச்சியால் பசையைத் துளையின் சுவர் முழுக்கத் தடவினால் போதும். குச்சியில் மட்டும் தடவினால் இறங்கும்போது பசை வழித்துக்கொண்டு வாயிலேயே நின்றுவிடும்.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து கிடக்கும் குச்சிகள் உப்பிப் போகும். காலிப்பரில் 8.2, 8.3 காட்டினால் நல்ல வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். துளையைப் பெரிதாக்க மட்டும் போகாதீர்கள். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு என்றால் விளிம்பின் இரு முகத்திலும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு அடியுங்கள்.

இன்னொன்று: நாலைந்து குச்சிகளை உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் மெலிதாக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பசை போடும் முன் முழுச் சட்டத்தையும் அவற்றால் கோத்துப் பார்க்கலாம், சுலபமாகப் பிரிக்கவும் வரும். பசை தடவிய பிறகு தெரியவரும் தவறைத் திருத்த நேரம் இருக்காது.

கேள்வி: கடைக் குச்சிக்குப் பதில் மூங்கில் குச்சி போடலாமா?

பதில்: வெளியிலிருந்து துளைத்து, கழுந்தின் (ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் குழிக்குள் சொருகும் நாக்கு) குறுக்கே அடிக்க மூங்கில் ஆணி அருமையானது. நிலைச் சட்டங்களில் நம் ஆசாரிகள் அடித்துவந்தது அதைத்தான். ஆனால் பசையை நம்பி உள்ளே மறைந்து நிற்கும் குச்சிக்கு மூங்கிலைச் சொல்லமாட்டேன். அதன் வெளித்தோலில் பசை நன்றாகப் பிடிக்காது. மிஞ்சிய மரத்திலிருந்து நீங்களே குச்சி செய்யலாம். வாளால் அறுக்காமல் ரேகையோடு பிளந்து எடுத்து, அளவுத் துளை போட்ட தடித்த இரும்புத் தகடு வழியாகக் கொட்டாப்புளியால் அடித்து இறக்க வேண்டும். வரிகள் வேண்டுமே? இடுக்கியின் பல்லுள்ள வாயில் குச்சியை வைத்து நெடுக அழுத்துங்கள். விழும் பள்ளங்கள் காற்றுக்கு வழிவிடும், பசையின் ஈரம் பட்டதும் அமுங்கிய மரம் மறுபடி உப்பித் துளையை இறுகப் பிடிக்கும்.

கேள்வி: தேக்கு நாற்காலி செய்ய டோவல் போதுமா?

பதில்: முன்பக்கத்துக்குப் போதும். பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில் கழுந்து போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆள் சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் பாரம் முழுக்க அந்த மூலையில் இறங்குகிறது. டோவல்தான் என்றால் 10 மி.மீ. குச்சி இரண்டு, காலுக்குள் கனம் இடம்கொடுக்கும் அளவுக்கு ஆழமாக, உள்மூலையில் ஒரு முக்கோணக் கட்டையும் ஸ்க்ரூ போட்டு வையுங்கள். ஒரே காலில் இரண்டு திசையிலிருந்து குச்சிகள் வரும், உள்ளே இடித்துக்கொள்ளாதபடி ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக மாற்றிப் போடுங்கள்.

ஆடும் பழைய நாற்காலியைச் சரிசெய்கிறவர்களுக்கு: காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் பிடிக்காது. பழைய குச்சியை அறுத்து, நடுவில் முதலில் சின்ன பிட், அப்புறம் முழு பிட் என்று துளைத்தெடுத்து, புது மரம் தெரிய வேண்டும். 8 மி.மீ. துளை தளர்ந்திருந்தால் 10-க்கு ஏறிவிடுங்கள்.

கேள்வி: மேசைப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டும்போது டோவல் பலம் தருமா?

பதில்: நன்றாக இழைத்த விளிம்பும் பசையுமே மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். அங்கே டோவல் பலகைகள் மேலே கீழே நழுவாமல் இருக்க மட்டும்.

கேள்வி: ஜிக் இல்லாமல் முடியாதா?

பதில்: முடியும். டோவல் வரும் புள்ளிகளில் சின்ன ஆணிகளைப் பாதிவரை அடித்து, தலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். மற்ற பலகையைச் சரியான இடத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் புள்ளிகள் அதில் பதியும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இரண்டிலும் துளை போடலாம். இடம் பிசகாது, ஆனால் துளை செங்குத்தாக இறங்குவது உங்கள் கையைப் பொறுத்தது. ஒன்றிரண்டு இணைப்புக்கு இது போதும். அலமாரி என்று இறங்கினால் ஜிக் வாங்குங்கள். வாங்கும்போது பிட் நுழையும் வளையம் கடினப்படுத்திய எஃகுதானா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ துளைத்த வழி சீக்கிரமே தேய்ந்து பிட் ஆடத் தொடங்கும்.