தாமிரபரணிப் பாசி படத்தில் சீப்புப் பல்லாகத் தெரிவது ஏன்?

வணக்கம் அண்ணாச்சி. மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் பாசி பளிச்சென்று தெரிகிறது, கேமராப் படம் ஃப்ரேம் கிராப்பர் (வீடியோவைக் கம்ப்யூட்டர் படமாக்கும் கருவி) வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகிறது, மங்கலான பட்டை ஒன்று மெல்ல மேலே ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மைக்ராஸ்கோப்பில் குறையில்லை. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

சீப்புப் பல், இன்டர்லேஸால், அதாவது ஒரு படத்தின் வரிகளை இரண்டு தவணையாக அனுப்புவதால் வருவது. உங்கள் ‘பால்’ (PAL) எனும் டிவி வீடியோ முறைக் கேமரா ஒற்றைப்படை வரிகளை முதலில் அனுப்பும். இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி கழித்து வரும். அதற்குள் பாசி நீந்திவிடுகிறது. மென்பொருளில் இதைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸைப் போடுங்கள். அசையாத ஸ்லைடுக்கு அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செங்குத்துத் தெளிவு வீணாகும். அசையாத ஸ்லைடிலும் பல் தெரிந்தால் மேசை அதிர்கிறது என்று பொருள்.

பட்டைக்குக் காரணம் பெரும்பாலும் எர்த் லூப்தான், அதாவது கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, வீடியோ கேபிள் வழியே கரன்ட் கசிவது. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்; பட்டை மறைந்தால் சந்தேகமே வேண்டாம். கேமரா, விளக்கு, கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். தயவுசெய்து எர்த் பின்னை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். மாணவர்கள் தொடும் கருவி அது.

கேபிள் 75 ஓம் வீடியோ கேபிளாக இருக்கட்டும். நடுவில் ‘டி’ (T) இணைப்பான் போட்டு மானிட்டருக்கும் கொடுத்திருந்தால், மானிட்டரிலுள்ள 75 ஓம் சுவிட்சை அணையுங்கள். இரண்டு இடத்தில் டெர்மினேஷன் (கேபிள் முனையில் போடும் 75 ஓம் மின்தடை) இருந்தால் படம் இருண்டுவிடும்.

அளவெடுப்பதாகச் சொன்னீர்களே, இது முக்கியம்: 720×576 படத்தில் பிக்சல் சதுரமல்ல. வட்டமான செல் ஒடுங்கித் தெரியும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (நுண்ணிய அளவுகோல் பொறித்த ஸ்லைடு) கிடையாக ஒருமுறை, 90 டிகிரி திருப்பி ஒருமுறை வைத்துத் தனித்தனியாக அளவு குறியுங்கள்.