ஆந்தையைக் கண்டு மகள் பயந்தது பற்றி

வணக்கம். 'மூடுபனியில் முள்ளெலி' போட்டீர்கள், ஆந்தை வந்ததும் ஐந்து வயது மகள் எழுந்து ஓடிவிட்டாள், உங்களுக்கும் "கதையே இல்லையே" என்று தோன்றியது, இல்லையா? யூரி நார்ஸ்டைன் 1975-இல் எடுத்த சோவியத் அனிமேஷன் படம், பத்து நிமிடம்தான். கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான். கரடிக்குட்டியோடு நட்சத்திரம் எண்ண, துணியில் முடிந்த ராஸ்பெரி ஜாமோடு கிளம்பும் முள்ளெலி பனியில் வழி தவறுகிறது. அவ்வளவே.

ஆந்தையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது ஒரு கோமாளி. முள்ளெலி கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் பின்னாலேயே போய் அதுவும் கொடுக்கும். தெரிந்துவிட்டால் சிரிப்புதான் வரும்.

நீங்கள் பனியைக் கவனியுங்கள். கணினி வேலை கிடையாது. வரைந்த உருவத்தின் மேல் மெல்லிய, ஒளி ஊடுருவும் தாளை வைத்து, அதைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். பனிக்குள் வரும் வெள்ளைக் குதிரை அப்படிக் கரைவது அதனால்தான். படத்தில் வரும் ஆறும் வரைந்ததல்ல, படம் பிடித்த நிஜத் தண்ணீர்!

குதிரை படுத்துத் தூங்கினால் பனியில் மூழ்கிவிடுமா என்று முள்ளெலி யோசிக்கும் இடத்தில் நிறுத்தி, மகளிடமே கேட்டுப் பாருங்கள். வசனம் குறைவு, நீங்களே தமிழில் சொல்லிவிடலாம். அப்புறம், தூங்கப் போகிற நேரத்தில் வேண்டாம், சாயங்காலமே போடுங்கள்.