ஹை-ஃபை சிஸ்டத்துக்கு விலை உயர்ந்த ரேக்கும் ஐசொலேஷன் ஃபீட்டும் அவசியமா?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறார். டர்ன்டேபிள் (எல்.பி. தட்டு ஓட்டுகிற கருவி), இன்டகிரேட்டட் ஆம்ப், டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்சிக்னலாக மாற்றுகிற பெட்டி), ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். இவற்றை அடுக்கி வைக்கிற ரேக்குக்கு மட்டும் 60,000 ரூபாய் சொன்னார்களாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் வைக்கிற, அதிர்வைத் தடுக்கும் கால்களான ஐசொலேஷன் ஃபீட்டுக்குத் தனி விலை. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறார்.

டர்ன்டேபிள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது ரொம்ப முக்கியம், அதற்குச் செலவு செய்யுங்கள். மற்றவற்றுக்கு ஆடாத, பாரம் தாங்குகிற, காற்றோட்டமுள்ள பலகை போதும். நான் புதுச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில் இருக்கிறேன். இரண்டு ரேக் மாற்றி, மூன்று வருடம் பார்த்த பிறகு சொல்கிறேன்.

எல்.பி. தட்டின் பள்ளம் தலைமுடியைவிடக் குறுகல். அதன் சுவரில் பாட்டாகப் பதிந்திருக்கும் நெளிவுகள் மைக்ரான் கணக்கில் இருக்கும். ஊசிக்கு எது பாட்டு, எது மேசையின் நடுக்கம் என்று தெரியாது. தட்டுக்கும் தனக்கும் நடுவே எது அசைந்தாலும் அதை மின்சாரமாக்கி அனுப்பிவிடும். அதற்கு மேல், எல்.பி.யில் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துத்தான் பதிகிறார்கள். அதை ஈடுகட்ட, டர்ன்டேபிளின் சிக்னலைப் பெருக்குகிற ஃபோனோ ஸ்டேஜ் 1,000 ஹெர்ட்ஸைவிட 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 9 மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. காலடி அதிர்வு இருப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். டாக்கில் அசைகிற பாகமே கிடையாது. சிடி பிளேயரில் பிழைதிருத்தம் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அடியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ரப்பர் கால் வாங்கிவைத்து எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்டதில்லை. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் (வால்வ்) வைத்த வால்வ் ஆம்ப், வால்வ் ப்ரீஆம்ப் மட்டும் விதிவிலக்கு. வால்வை ஒரு பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்கும். அது அதிர்வை வாங்குகிறது என்று அர்த்தம்.

இனி தரைக்கு வருகிறேன். எங்கள் மாடித் தளம் கான்கிரீட் கிடையாது, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம். மேலே சிவப்பு ஆக்சைடு. வெயில் காலத்தில் படுத்தால் அவ்வளவு குளுமை. ஆனால் நடந்தால் லேசாகத் துள்ளும்.

குடிவந்த புதிதில் கனமான இரும்பு ரேக் ஒன்றைக் கூரான ஸ்பைக் கால்களோடு கூடத்தில் வைத்தேன். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையிலிருந்து காபி எடுத்துக்கொண்டு வந்தார். நாலாவது அடியில் ஸ்பீக்கரின் வூஃபர் (பாஸ் ஒலிக்கிற பெரிய கூம்பு) முன்னும் பின்னும் அலைந்தது. ஐந்தாவது அடியில் ஊசி இரண்டு பள்ளம் தாண்டி விழுந்தது. “நான் என்னப்பா பண்ணேன், நடந்துதானே வந்தேன்” என்றார். அன்றிலிருந்து தட்டு ஓடும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதம் பாதமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். என் பாட்டுக்காக அம்மா தன் வீட்டிலேயே பயந்து நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஸ்பைக் அதிர்வைத் தடுக்கும் என்று எனக்குச் சொல்லித்தான் விற்றார்கள். உண்மையில் ஸ்பைக் ரேக்கைத் தரையோடு இறுக்கிப் பிணைக்கிறது. அதனால் ரேக் தள்ளாடாமல் நிற்கும், அது நல்லதுதான். ஆனால் தரை ஆடினால் ரேக்கும் சேர்ந்து ஆடும். போதாததற்கு நான் கீழ்த்தட்டில் 100 எல்.பி. அடுக்கியிருந்தேன். உறையோடு சேர்த்து அது ஏறக்குறைய 25 கிலோ வரும். துள்ளுகிற தளத்தின் நடுவே பாரம் ஏற்றினால் அது இன்னும் மெதுவாக, இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆடும். (மொசைக், ஆக்சைடு தரையில் ஸ்பைக் வைப்பவர்கள் அடியில் ஒரு நாணயமாவது போடுங்கள். குழி விழுந்தால் ஆக்சைடு தரையை ஒட்டுப் போட முடியாது.)

உங்கள் வீடு கான்கிரீட் தளமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் பாதிப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, சுற்றாத தட்டின்மேல் ஊசியை இறக்குங்கள். வழக்கமாகக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். விரல் முட்டியால் மேசையின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது பக்கத்தில் சாதாரணமாக நடக்கச் சொல்லிவிட்டு வூஃபரைப் பாருங்கள். தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கிறது, நடந்தால் ஒன்றுமில்லை என்றால் கோளாறு மேசையில். நடந்தால் வூஃபர் அலைகிறது என்றால் கோளாறு தரையில். இரண்டும் இல்லாமல், சத்தத்தை வழக்கமான அளவுக்குக் கூட்டும்போது மட்டும் ‘ஊ’ என்று ஊளையிட்டால் ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் நெருங்கி இருக்கின்றன, அல்லது ஒரே பலகையில் இருக்கின்றன. அதற்கு வாங்க ஒன்றுமில்லை, தள்ளி வைத்தால் போதும்.

ஐசொலேஷன் ஃபீட்டுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ரப்பரோ ஸ்பிரிங்கோ, டர்ன்டேபிளின் பாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால், அது தானாக ஆடுகிற அதிர்வெண் வரும். 1 மி.மீ. அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8, 25 மி.மீ. என்றால் சுமார் 3. ரப்பரில் நிஜ எண் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். இந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே இருக்கிற அதிர்வைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, தன் சொந்த அதிர்வெண்ணில் வருவதைப் பெரிதாக்கவும் செய்யும். டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்குகிற கை) கார்ட்ரிட்ஜும் (அதன் நுனியில் ஊசி பொருத்திய பாகம்) சேர்ந்து ஆடுகிற அதிர்வெண் பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படி அமைப்பார்கள். 2, 3 மி.மீ. அமுங்குகிற ரப்பர் பெரும்பாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது.

நான் வாஷிங் மெஷினுக்கு அடியில் போடுகிற ரப்பர் பேட் நாலு வாங்கி வைத்துப் பார்த்தேன். முட்டியால் தட்டும் சத்தம் நன்றாகக் குறைந்தது. அம்மா நடந்தபோது வூஃபர் முன்னைவிட அதிகமாக ஆடியது. கணக்கு சொன்னபடியே நடந்தது. சொர்போதேன் என்கிற, அதிர்வை உறிஞ்சும் ரப்பர் மாதிரிப் பொருள் நல்லதுதான், ஆனால் பாரத்துக்குத் தகுந்த அளவும் கடினமும் பார்த்து வாங்க வேண்டும். மோட்டார் ஒரு பக்கம், ஆர்ம் ஒரு பக்கம் என்று டர்ன்டேபிளின் எடை நாலு காலுக்கும் சமமாக விழாது என்பதையும் யோசியுங்கள். தோரன்ஸ் டிடி 150, லின் சோண்டெக் மாதிரி உள்ளேயே ஸ்பிரிங் வைத்த டர்ன்டேபிளாக இருந்தால் அடியில் மறுபடியும் ஸ்பிரிங் போடாதீர்கள். இலேசான, விறைப்பான மேசைதான் அதற்கு ஏற்றது.

துள்ளுகிற தரைக்கு நான் கண்ட ஒரே மருந்து சுவர். தரையை நம்பாமல் டர்ன்டேபிளைச் சுவரில் தாங்கியடித்து வைத்துவிடுவது. எங்கள் சுவர் ஒன்றரை அடி கனம், ஆனால் சுண்ணாம்புச் சாந்து. முதலில் அடித்த பிளாஸ்டிக் பிளக் இரண்டே நாளில் வெள்ளைப் பொடியோடு கையில் வந்தது. நல்லவேளை, அப்போது பலகையில் ஒன்றும் வைக்கவில்லை. அப்புறம் துளையை ஆழமாகப் போட்டு, தூசியை முழுக்க ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கர் பசை செலுத்தி, 10 மி.மீ. திருகுதண்டை இறக்கி, ஒரு இரவு காயவிட்டோம். ஆங்கிள் இரும்பில் முக்கோணத் தாங்கி இரண்டு வெல்டிங் செய்யச் சொன்னேன். பலகை, ஆங்கர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது என் தங்கை பிள்ளைகள் அந்தக் கூடத்தில் நொண்டி விளையாடினாலும் ஊசி அசைவதில்லை.

உங்கள் வீட்டில் 9 அங்குலச் செங்கல் சுவர் எதுவென்று பார்த்து, மூலையை ஒட்டி அடியுங்கள். நாலரை அங்குல நடுச்சுவரும், கதவு படாரென்று சாத்துகிற சுவரும் வேண்டாம்.

அந்தப் பலகை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பண்ருட்டியில் என் மாமா வீட்டுப் பரணில் ஒன்றரை அங்குலப் பலாப்பலகை ஒன்று பல வருடமாகக் கிடந்தது. மஞ்சள் ஏறிய அழகான மரம். ஆசையாக எடுத்துவந்து இழைத்து, எண்ணெய் பூசி, தாங்கிகள்மேல் வைத்தேன். தட்டிப் பார்த்தால் ‘ணங்’ என்று ஒரு சுரம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. வீணையும் மிருதங்கமும் செய்கிற மரம் அது, தட்டினால் பேசத்தான் செய்யும். ஆசாரியிடம் சொன்னதும் அவர் 19 மி.மீ. பிளைவுட் இரண்டை எடுத்து, நடுவே கார் கதவுக்குள் ஒட்டுகிற தார்ஷீட் வைத்து, ஒட்டி, இரவு முழுக்கக் கனம் ஏற்றி அழுத்திக் கொடுத்தார். வளையும்போது இரண்டு பலகையும் ஒன்றையொன்று இழுக்க, நடுவில் இருக்கிற தார் அந்த அசைவைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. தட்டினால் ‘டொக்’, அதோடு சரி. பலாப்பலகை இப்போது ஆம்புக்கு அடியில் இருக்கிறது.

நீங்களும் கடையில் ரேக் பார்க்கும்போது முட்டியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடித் தட்டும் தனியாக வைத்த கிரானைட்டும் கணீரென்று ஒலிக்கும். டர்ன்டேபிளுக்கு அவை வேண்டாம்.

மற்ற பெட்டிகளுக்கு அளவுதான் முக்கியம். முழு அளவு ஆம்ப் 43 செ.மீ. அகலம் இருக்கும். பின்னால் வயர் வளைய 8, 10 செ.மீ. விடுங்கள், மேலே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வையுங்கள். நம் ஊர் மே மாதத்தில் மூடிய டிவி யூனிட்டுக்குள் ஆம்பை வைப்பது அதை வேகவைப்பதற்குச் சமம். டர்ன்டேபிளும் ஆம்பும் ஒரே ரேக்கில் இருந்தால், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே கார்ட்ரிட்ஜ் வராமல் பாருங்கள், ‘ஹம்’ வரும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான எதிரி உப்புக்காற்று. என் முதல் இரும்பு ரேக்கில் பெயின்ட் பெயர்ந்த இடமெல்லாம் ஒரே வருடத்தில் துரு. சதுரக் குழாயின் முனைகளை மூடாமல் விட்டால் உள்ளேயிருந்தே அரிக்கும். மூடிய முனை, பவுடர் கோட்டிங் இரண்டும் கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் என்றால் 304-ஐவிட 316 கடலோரத்துக்குத் தாங்கும். பார்ட்டிக்கிள் போர்டு ரேக்கை ஒதுக்கிவிடுங்கள், ஐப்பசி மழை ஈரத்தில் ஊதி, திருகு பிடி விட்டுவிடும். பிளைவுட்டில் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் கீழ்த்தட்டை ஒரு அடிக்குக் கீழே வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஸ்பீக்கரை அதே ரேக்கில் வைக்கவே வேண்டாம், தனி ஸ்டாண்ட் வாங்குங்கள். மிச்சமாகிற பணத்தில் இது முதலில் வரட்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர வேண்டும். குழாய் ஸ்டாண்டாக இருந்தால் மணல் நிரப்பினால் கணகணப்பு போய்விடும். ஆனால் சில்வர் பீச்சில் அள்ளிய மணலை நிரப்பிவிடாதீர்கள், உப்பு உள்ளேயே இருந்து இரும்பைத் தின்றுவிடும். ஆற்று மணலோ எம்-சாண்டோ எடுத்து, வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள்.

முதலில் அந்தத் தட்டும் சோதனையைச் செய்துவிட்டு என்ன கேட்டது, உங்கள் டர்ன்டேபிள் எது, சுவர் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். தாங்கிக்கு என்ன அளவு, எவ்வளவு ஆழத்துக்கு ஆங்கர் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.